தாடி இல்லாத ஏசு

ஏசுநாதருக்குத் தாடி உண்டா, இல்லையா?

"இதென்ன கேள்வி? காலண்டரைப் பாருய்யா!" என்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், பழைய புத்தகக் கடையில் அந்தப் படப் புத்தகத்தை வாங்கும் வரை.

இத்தாலியில் ராவென்னா என்று ஒரு ஊர். அங்கே சான்ட் அப்போலினாரே நுவோவோ என்று ஒரு சர்ச். (ஒரே மூச்சில் சொல்பவர்களுக்கு டீ இலவசம்.) ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோத் இன ராஜா தியோடரிக் கட்டியது. சுவரெல்லாம் மொசைக். குட்டிக் குட்டிக் கண்ணாடிச் சில்லுகளைச் சாந்தில் ஒவ்வொன்றாகப் பதித்த சித்திரங்கள்.

ஜன்னல்களுக்கு மேலே, பக்கத்துக்கு 13 காட்சிகள். பி.காம். படித்தவனுக்கு இரண்டு பக்கம் என்றாலே பற்று, வரவுதான். இடது பக்கம் அற்புதங்கள். லாசரஸை எழுப்புகிறார், அப்பமும் மீனும் பெருகுகின்றன. ஏசுவின் முகமோ மழுமழுவென்று, காலேஜ் பையன் மாதிரி. வலது பக்கம் கடைசி விருந்து, யூதாஸின் முத்தம், பிலாத்துவின் விசாரணை. அங்கே தாடி! சிலுவையில் தொங்கும் காட்சி மட்டும் இல்லவே இல்லை.

பழைய ஆபீஸ் நண்பரிடம் காட்டினேன். கிறிஸ்தவர். பர்ஸில் ஏசு படம் வைத்திருப்பவர். வெகுநேரம் பார்த்தார்.

"இருபது வருஷமா இந்தத் தாடி முகத்துக்கிட்டதான் எல்லாம் சொல்லி அழுதிருக்கேன். அப்போ இது யாருப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. மூக்கு எப்படி, தாடி எப்படி என்று நான்கு சுவிசேஷங்களிலும் ஒரு வரிகூட இல்லை என்றேன். சமாதானமாகவில்லை. மிச்சக் கதையைச் சொன்னேன்.

தியோடரிக் 526-ல் செத்துப் போனார். அவர் ஏரியஸ் என்ற குருவின் வழியில் வந்த கிறிஸ்தவர். ஏசு பிதாவுக்குச் சமமில்லை என்பது அவர்கள் கட்சி. சுமார் 561-ல் எதிர்க்கட்சி கைக்கு சர்ச் போனது. கீழ் வரிசையில், அரண்மனைச் சித்திரத்தில் நின்ற ஆட்களைப் பெயர்த்துவிட்டுத் திரைச்சீலை பதித்தார்கள். அவசரமோ என்னவோ, தூண்கள் மேல் சில கைகள் மட்டும் இன்றும் அந்தரத்தில் நிற்கின்றன. ஆனால் மேலே இருந்த இரண்டு ஏசுவையும் யாரும் தொடவில்லை.

"அவ்வளவு சண்டையிலயுமா?"

"ஆமா."

"அப்ப ரெண்டு பேரும் அவர்தான்" என்று பர்ஸை மூடினார்.

சர்ச் பெயரைச் சொல்லிப் பார்த்தார். மூன்று மூச்சு ஆனது. இருந்தாலும் டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.