தேங்காய்த் துருவல் முதல் மீன் வரை... ஃப்ரீஸரை இப்படி யூஸ் பண்ணுங்க, சாப்பாடு குப்பைக்குப் போகாது!

வியாழக்கிழமை இரவு 9 மணி. ஆபீஸ் முடிந்து, டிராஃபிக்கில் நீந்தி, வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால்... ஞாயிற்றுக்கிழமை உடைத்த தேங்காயின் ஒரு மூடி வழவழவென்று மஞ்சளாகிக் கிடக்கிறது. ஆசையாக வாங்கிய கொத்தமல்லிக் கட்டு கவருக்குள்ளேயே கறுத்துத் தண்ணீர் விட்டிருக்கிறது. முந்தாநாள் வைத்த பருப்பு இருக்கிறது. ஆனால், மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போக, கை தானாக டெலிவரி ஆப்பைத் தேடுகிறது.

இந்தக் காட்சி உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஐ.நா-வின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட உணவு விரயம் பற்றிய அறிக்கை, 2022-ல் உலகம் முழுக்க சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாகச் சொல்கிறது. அதில் 60 சதவிகிதம் வீடுகளில்தான். இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு சுமார் 55 கிலோ என்பது அந்த அறிக்கையின் மதிப்பீடு. ஒரு ஆளின் எடை அளவுக்குச் சாப்பாடு!

இத்தனைக்கும் தீர்வின் ஒரு பகுதி, அதே ஃப்ரிட்ஜின் மேல் தட்டிலேயே சும்மா இருக்கிறது. ஒரு ஐஸ் டிரே, எப்போதோ வாங்கிய ஐஸ்க்ரீம் டப்பா, சுற்றிலும் இமயமலை மாதிரி பனி. அதுதான் நம்மில் பலரின் ஃப்ரீஸர்.

"ஃப்ரீஸர்ல வெச்சா சத்தெல்லாம் போயிடும்" என்பார் அம்மா. "ஃப்ரீஸர்ல வெச்சா எத்தனை நாளானாலும் ஒண்ணும் ஆகாதும்மா" என்போம் நாம். ரெண்டு பேர் சொல்வதும் முழு உண்மை இல்லை. எது சரி, எது தப்பு... பார்ப்போம்.

ஃப்ரீஸருக்குள் என்னதான் நடக்கிறது?

உணவைக் கெடுப்பவை பாக்டீரியா, பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகள். அவை வளர ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் உணவில் இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் பனியாகிவிடுவதால் அவற்றின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. கவனிக்க, நின்றுவிடுகிறது. செத்துவிடுவதில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் பாக்டீரியா, உணவு உருகியதும் கண் விழித்து வேலையைத் தொடங்கிவிடும். ஏற்கெனவே லேசாகக் கெட்டுப்போன குழம்பை ஃப்ரீஸரில் வைத்தால் நல்ல குழம்பாகத் திரும்பி வராது.

சரி, சத்து? உறைய வைப்பதால் புரதமோ, தாது உப்புகளோ, நார்ச்சத்தோ பெரிதாகக் குறைவதில்லை. காய்களை வெந்நீரில் போட்டு எடுக்கும்போது வைட்டமின் சி கொஞ்சம் குறையும். ஆனால், ஒரு வாரம் காய்கறி டிரேயில் வாடிக்கிடக்கும் பீன்ஸும் அதை இழந்துகொண்டேதான் இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஃப்ரீஸரில் மாறுவது முக்கியமாகப் பதம்தான். தண்ணீர் மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய பனிப் படிகங்கள் உருவாகி, காயின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். உருகியதும் அது தொளதொளவென்று ஆவது இதனால்தான். வேகமாக உறைந்தால் படிகங்கள் சின்னதாக இருக்கும், பதம் தப்பிக்கும். 1910-களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர், அங்குள்ள இன்யூட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் சட்டென உறைவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதிதாக இருப்பதையும் கவனித்தார். அந்தக் கவனிப்பில் இருந்துதான் இன்றைய ஃப்ரோஸன் உணவுத் தொழிலே வளர்ந்தது.

இதில் நமக்கான பாடம்: எதையும் மொத்தமாக உருண்டையாக வைக்காமல், மெல்லிசாகப் பரப்பி, சின்னச் சின்னப் பங்குகளாக உறைய வையுங்கள்.

எதையெல்லாம் வைக்கலாம்?

* தேங்காய்த் துருவல்: துருவியதும் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து, அதன் பிறகு டப்பாவுக்கு மாற்றினால் கட்டியாகாமல் உதிரி உதிரியாக இருக்கும். சட்னி அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். இல்லையென்றால் தேங்காயின் கொழுப்பு மிக்ஸி ஜாரில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

* தக்காளி: 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்றதும் நினைவிருக்கிறதா? அதே தக்காளி விலை சரியும்போது விவசாயிகள் ரோட்டில் கொட்டிவிட்டுப் போவதையும் பார்க்கிறோம். விலை குறைவாக இருக்கும்போது கூடுதலாக வாங்கி, கழுவித் துடைத்து முழுசாகவே உறைய வைக்கலாம். எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்றுவரும். தொக்காக வதக்கியும் வைக்கலாம். குழம்புக்கு ஓகே, சாலட்டுக்கு ஆகாது.

* இஞ்சி பூண்டு விழுது, புளிக்கரைசல், கொத்தமல்லி - புதினா விழுது: ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை ஜிப் லாக் கவரில் போட்டுவிடுங்கள். ஒரு ரசத்துக்கு ஒரு புளிக்கட்டி. வேலை முடிந்தது!

* கறிவேப்பிலை: கழுவி, துளி ஈரம் இல்லாமல் துணியில் உலர்த்தி வையுங்கள். நிறம் கொஞ்சம் மங்கும், வாசனை இருக்கும். பனி ஒட்டியிருந்தால் உதறிவிட்டுத் தாளியுங்கள். சூடான எண்ணெயில் பனி பட்டால் முகத்தில் தெறிக்கும்.

* பச்சைப் பட்டாணி, பீன்ஸ், கேரட்: கொதிக்கும் நீரில் 2-3 நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, ஈரம் துடைத்துப் பரப்பி உறைய வையுங்கள். காயில் உள்ள நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். அவற்றை நிறுத்தத்தான் இந்த வெந்நீர்க் குளியல்.

* வேகவைத்த கொண்டைக்கடலை, ராஜ்மா, பருப்பு: குக்கர் ஒருமுறை ஏறினால் மூன்று நாளைக்கான வேலை முடிந்தது. ஒரு வேளைக்கு ஒரு டப்பா.

* சப்பாத்தி, இட்லி: சப்பாத்தியை இரண்டு பக்கமும் அரைவேக்காடாகச் சுட்டு, ஆறியதும் இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். இட்லியை அவித்து, ஆறவைத்து உறைய வைத்தால், இட்லிப் பானையில் மறுபடி ஆவி காட்டினால் போதும். மாவாகவே உறைய வைத்தால் இட்லி பழைய மாதிரி பூ போல வராது, தோசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

* மீன், சிக்கன்: வாங்கிய அன்றே சுத்தம் செய்து, ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து வையுங்கள். மத்தி, அயிலை போன்ற கொழுப்புள்ள மீன்கள் ஃப்ரீஸரிலும் சீக்கிரம் ருசி மாறும். அவற்றை முதலில் காலி பண்ணுங்கள்.

அடிக்கடி திறந்து மூடும் வீட்டு ஃப்ரீஸரில், சமைத்த உணவை ஒரு மாதத்துக்குள்ளும், மற்றவற்றை இரண்டு மூன்று மாதங்களுக்குள்ளும் முடித்துவிடுவது நல்லது.

எதை வைக்கக் கூடாது?

வெள்ளரிக்காய், லெட்யூஸ் கூழாகிவிடும். தயிரும் மயோனைஸும் திரிந்துவிடும். ஓட்டோடு முட்டையை வைத்தால் ஓடு வெடிக்கும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பர் ஆகும். உருளைக்கிழங்கு போட்ட குருமாவில் கிழங்கு மட்டும் சொரசொரப்பாகிவிடும். எனவே குருமாவைக் கிழங்கு இல்லாமல் உறைய வைத்து, சூடு பண்ணும்போது வேகவைத்த கிழங்கைச் சேர்க்கலாம். சோடா, கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை "சீக்கிரம் சில்லுனு ஆகட்டும்" என்று ஃப்ரீஸரில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும். பாட்டில் வெடிக்கும்!

சோறு விஷயத்தில் ரொம்ப உஷார்

வீட்டில் அதிகம் மீதமாவது சோறு. அதிகம் அலட்சியம் காட்டுவதும் சோற்றிடம்தான். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் சாதாரணமாகவே இருக்கும். சோறு கொதித்தாலும் அவை சாவதில்லை. மதியம் வடித்த சோறு இரவு வரை அடுப்பு மேடையிலேயே இருந்தால், அந்த வித்துகள் முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். இந்த நஞ்சு சூட்டுக்கும் அழியாது. அதனால் "நல்லா சூடு பண்ணிட்டேன்ல" என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஃப்ரைடு ரைஸாக வறுத்தாலும் இதே கதைதான்.

சமைத்த எதையும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாள்களில் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் அப்படித்தானே?

மீதமான சோற்றை அகலமான தட்டில் பரப்பினால் வேகமாக ஆறும். குழம்பு, பருப்பு என்றால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த அகலப் பாத்திரத்துக்குள் வைத்துக் கிளறுங்கள். கொதிக்கக் கொதிக்க ஃப்ரீஸருக்குள் வைத்தால் பக்கத்தில் இருப்பதும் உருகிவிடும்.

"அப்போ பழைய சோறு?" என்று கேட்கிறீர்களா... தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பதால் அதில் லாக்டிக் அமிலம் உருவாகிறது. அது தனிக் கதை. சட்டியில் அப்படியே விட்டுவைத்த சோறு, பழைய சோறு கிடையாது!

டப்பாவில் கொஞ்சம் இடம், மேலே ஒரு தேதி

காற்றுப் பட்டால் உணவின் ஈரம் ஆவியாகி, மேல்பாகம் வெளுத்து வறண்டுபோகும். சாப்பிட்டால் ஆபத்தில்லை; ஆனால், ருசி இருக்காது. எனவே கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். டப்பாவில் குழம்பு ஊற்றினால் மேலே ஓர் அங்குலம் இடம் விடுங்கள். எவர்சில்வர் டப்பா தாராளமாகப் போதும். மைக்ரோவேவுக்குள் மட்டும் அதை வைக்கக் கூடாது.

முக்கியமாக, பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். உறைந்த பிறகு சாம்பாரும் புளிக்குழம்பும் ஒரே மாதிரிதான் தெரியும். தேதி இல்லாத டப்பா கடைசியில் குப்பைக்குத்தான் போகும். அப்படியானால் ஃப்ரீஸர் என்பது உணவைத் தாமதமாகக் குப்பையில் போடும் இயந்திரம் ஆகிவிடும்.

வெளியே எடுக்கும்போதுதான் தப்பு நடக்கிறது

காலையில் சிக்கனை எடுத்து சிங்க்கில் போட்டுவிட்டு, மதியம் சமைப்பது பல வீடுகளின் வழக்கம். உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்பக்கம் வெதுவெதுப்பாகி பாக்டீரியா பெருகத் தொடங்கிவிடும். முந்தின இரவே எடுத்து, ஒரு தட்டின் மேல் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவதே சரி. அவசரமா? கசியாத கவரில் போட்டுக் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மைக்ரோவேவில் உருக்கினால் உடனே சமைத்துவிடுங்கள். காய்கறி, குழம்பு வகைகளை உருக்கவே வேண்டாம், நேராக அடுப்புதான். குழம்பு நன்றாகக் கொதிக்க வேண்டும்.

ஒரு கிலோ சிக்கன் கட்டியை வெளியில் வைத்து உருக்கி, பாதியைச் சமைத்துவிட்டு மீதியைத் திரும்ப உள்ளே தள்ளுவது கூடவே கூடாது. அதற்காகத்தான் முதல் நாளே பங்கு பிரிக்கச் சொன்னோம்.

கரன்ட் போனால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கதவைத் திறக்காமல் வைத்திருந்தால், நிரம்பிய ஃப்ரீஸர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது சுமார் 24 மணி நேரமும் குளிரைப் பிடித்துவைத்திருக்கும் என்பது பொதுவான கணக்கு. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் குட்டி ஃப்ரீஸரிடம் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். அதில் ஐஸ்க்ரீம் கெட்டியாக நிற்கவில்லை என்றால் மைனஸ் 18-ஐத் தொடவில்லை என்று அர்த்தம்; மீன், கறியை நாள்கணக்கில் வைக்காதீர்கள்.

ஊருக்குப் போகிறீர்களா? ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று இதில் ரிஸ்க் எடுக்க வேண்டாம்.

இது யாருடைய வேலை?

கடைசியாக ஒரு விஷயம். "ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்" என்று சொல்வது சுலபம். அந்த ஒரு மணி நேரத்தை ஏற்கெனவே ஆறு நாளும் அடுப்படியில் நிற்கும் அம்மாவோ, மனைவியோதான் ஒதுக்க வேண்டும் என்றால், அது நேரத்தை மிச்சப்படுத்தும் வழியல்ல. வேலையை இடம் மாற்றும் வழி. தேங்காய் துருவுவது, பட்டாணி உரிப்பது, தேதி எழுதி ஒட்டுவது... இதற்கெல்லாம் கைப்பக்குவம் எதுவும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இந்த வாரம் எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். முதலில் ஃப்ரீஸரைக் காலி செய்து, பனியை உருக்கித் துடையுங்கள். ஒரு தேங்காய், ஒரு கிலோ தக்காளி, ஒரு டப்பா கொண்டைக்கடலை. இது போதும். அடுத்த வியாழன் இரவு 9 மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது, கால் மணி நேரத்தில் ஒரு சுடச்சுட குழம்பு ரெடி!