மஹய்யாவ மனைகளில் மழலைப் பருவம்

கண்டி மாநகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை நோக்கிச் செல்லும் பெருவீதியை அடுத்து மஹய்யாவ அமைந்துள்ளது. 1880ஆம் ஆண்டில் மாத்தளை வரை நீட்டப்பெற்ற புகைவண்டிப் பாதை இப்பகுதியூடாகச் செல்கின்றது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மாநகர சபையின் துப்புரவுப் பணியை ஏற்ற தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் ஈண்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். நகரத்தின் தூய்மையைப் பேணும் இம்மக்களின் மனைகள் பல சிறியன, ஒன்றையொன்று ஒட்டியன. இத்தகைய மனையிலே பிறக்கும் குழந்தை தலை நிமிர்த்தி, தவழ்ந்து, எழுந்து நடப்பதற்கு வேண்டுவன யாவை என்பது சிந்திக்கத்தக்கது.

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாக உற்றுநோக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமே அதற்குச் சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதலாக இவ்வகை நூல்கள் பெருகின. அவை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுவன. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுதல் செங்கீரை. இதனை ஐந்தாந் திங்களுக்கு உரியது என்பர். கைகொட்டி விளையாடும் சப்பாணி ஒன்பதாந் திங்களுக்கு உரியது. தளர்நடையிட்டு வருமாறு அழைக்கும் வருகைப் பருவம் ஓராண்டு நிறைவை ஒட்டியது. பாடப்பெறுவோர் தெய்வமாகவோ அரசராகவோ இருப்பினும், பாடற்கு அடிப்படையாக அமைந்தது வீட்டுத் தரையில் தவழும் குழந்தையே.

இக்கால ஆராய்ச்சியும் இவ்வரிசையைப் பெரிதும் உறுதி செய்கின்றது. இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் குழந்தைகளை ஆராய்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டது. துணையின்றி உட்காருதல் ஏறக்குறைய 4 மாதம் முதல் 9 மாதம் வரையிலும், துணையின்றி நடத்தல் 8 மாதம் முதல் பதினேழரை மாதம் வரையிலும் நிகழக்கூடும் என்பது அதனாற் புலனாயிற்று. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் அளவில், கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடக்கத் தொடங்கின.

இவ்வுண்மை குடும்பங்களுக்கு ஆறுதல் தருவதாகும். அயல்வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்துவிட்டது, நம் வீட்டுக் குழந்தை இன்னும் நடக்கவில்லையே என்று இளந்தாய் ஒருத்தி வருந்துதல் இயல்பு. வீடுகள் நெருங்கிய இடத்தில் இத்தகைய ஒப்பீடும் நெருங்கியே நிற்கும். வளர்ச்சி ஓட்டப்பந்தயம் அன்று. ஒவ்வொரு படிக்கும் ஒரு கால எல்லை உண்டு. ஆயினும், அவ்வெல்லை கடந்தபின் வாளாவிருத்தலும் தகாது. ஒலி வரும் திசையில் திரும்பாத குழந்தையையும், பதினெட்டு மாதமாகியும் நடவாத குழந்தையையும், முன்பு கற்ற செயலொன்றை இழந்துவிட்ட குழந்தையையும் மருத்துவரிடம் காட்டுதல் கடமையாகும்.

இத்துறையில் இலங்கைக்கு ஒரு சிறப்பு உண்டு. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலமுதல், குடும்பநல மாது வீடுதேடிச் சென்று தாயையும் சேயையும் கவனிக்கும் முறை நாடெங்கும் பரவியது. குழந்தையின் நிறையும், தடுப்பூசி விவரமும், வளர்ச்சிப் படிகளும் கிளினிக் கொப்பியில் குறிக்கப்படுகின்றன. ஆறாம் மாதத்திற் சோறூட்டும் நம் வழக்கமும், ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலே போதும் என்னும் மருத்துவர் அறிவுரையும் ஒத்துச் செல்வது மகிழ்ச்சிக்குரியது. அச்சோறூட்டலை முன்கூட்டி நடத்த விரையாதிருத்தலே அறிவுடைமை.

வளர்ச்சிக்கு உணவு மட்டும் அமையாது, இடமும் வேண்டும். அடுப்பும் பாயும் பெட்டியும் ஒரே அறையில் இருப்பின், குழந்தை தவழுமிடம் சுருங்குகின்றது. வெந்நீரும் நெருப்பும் எட்டும் தொலைவில் இருப்பதால், அஞ்சிய தாய் குழந்தையை நெடுநேரம் சேலைத்தொட்டிலிலோ இடுப்பிலோ வைத்திருக்க நேரும். அது அவள் குறையன்று, மனையின் குறை. ஒரு பாய் அளவான இடத்தையேனும் நாள்தோறும் சிறிது நேரம் ஒழித்துக் கொடுத்து, குழந்தையைக் குப்புறக் கிடத்திப் பழக்குதல் பெரும்பயன் தரும்.

விடியுமுன் வேலைக்குச் செல்லும் பெற்றோர்க்குப் பாட்டியே பெருந்துணை. தோட்டங்களில் தாய்மார் கொழுந்தெடுக்கையில் குழந்தைகளைக் காப்பதற்குப் பிள்ளை மடுவம் உண்டு. நகரத் தொழிலாளர்க்கும் அத்தகைய காப்பிடம் இன்றியமையாதது. அங்ஙனம் காப்போர் குழந்தையோடு பேசுதலும் கதை கூறுதலும் வேண்டும். பேச்சைக் கேட்டே பேச்சு வளர்கின்றது. கண்டியிலே குழந்தை தமிழுடன் சிங்களத்தையும் கேட்டு வளர்வது இயல்பு. இருமொழி கேட்பதால் பேச்சுத் தடைப்படும் என்னும் அச்சம் ஆதாரமற்றது.

விஜயதசமி நாளில் ஏடு தொடக்குவதைக் கல்வியின் தொடக்கம் என்கிறோம். உண்மையில் அரிசியில் அகரம் எழுதும் விரல், அதற்கு முன்பே சப்பாணி கொட்டியும் சோற்றைப் பிசைந்தும் பயின்ற விரலாகும். ஐந்து வயதில் பள்ளியின் வாயிலை எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகவே மிதிக்கின்றனர். ஆனால், அதற்குமுன் கழிந்த ஐந்தாண்டுகள் எல்லார்க்கும் ஒரே அளவான இடத்தையும் ஓய்வையும் தருவதில்லை. நகரைத் தூய்மையாக்கும் கைகளிலே வளரும் குழந்தைக்கு, தவழ ஒரு தரையும் பேச ஒரு துணையும் கிடைக்கச் செய்வது அந்நகரின் கடமையாகும்.