புயற்காலத்தில் வீட்டிலேயே விளக்கு அமைத்துக்கொள்ளும் முறை

புதுச்சேரிக் கடற்கரையைச் சார்ந்த கிராமங்களில் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலம் புயலுக்குரியது என்பது யாவரும் அறிந்ததே. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது, காற்று மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிற்று. மின்கம்பங்கள் ஏராளமாய்ச் சாய்ந்தமையால் அநேக கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து, மின்சாரம் தடைப்பட்டது.

இத்தகைய இரவுகளில் பசு கன்று ஈனலாம். விதைக்குதிரில் ஜலம் புகலாம். வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டை நாடும் பாம்பு வீட்டிற்குள் ஏறலாம். கட்டுவிரியன் இரவிலேயே நடமாடுவது. ஆகையால் விளக்கின்றி இருப்பது ஆபத்து. ஜாக்கிரதையின்றி விளக்கேற்றுவதும், வைக்கோலும் கீற்றும் உள்ள இடத்தில், அதனினும் பெரிய ஆபத்தாய் முடியும்.

எண்ணெயின் தேர்வு

மண்ணெண்ணெய் சுமார் 40 டிகிரிச் சூட்டிலேயே தீப்பற்றும் ஆவியை விடக்கூடியது. தாவர எண்ணெய்களோ 200 டிகிரிக்கு மேற்பட்டுச் சூடேறினாலன்றி அவ்வாறு பற்றுவதில்லை. திறந்த விளக்கிற்கு இவையே உகந்தவை. நம் பிரதேசத்து மணிலாக்கொட்டை எண்ணெய் இதற்கு நன்கு உதவும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இக்கொட்டை புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றதுண்டு. ஆமணக்கெண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்னும் பெயரே அதன் பழைய உபயோகத்தைக் காட்டும். புங்கெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் ஏற்றவையே. தேங்காயெண்ணெய் நன்றாய் எரியினும், சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி இரவில் அதைமட்டும் நம்பியிருத்தல் தகாது. பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி எரிக்கலாம். பெட்ரோல், டீசல் இவற்றை ஒரு துளியும் கலத்தல் கூடாது.

மிதவை விளக்கின் செய்முறை

1. சுமார் 7 சென்டிமீட்டர் வாயகலமுள்ள தடித்த கண்ணாடிக் குவளையில் முக்கால் பாகம்வரை ஜலம் ஊற்றுக. அதன்மேல் 2 சென்டிமீட்டர் உயரம் எண்ணெயை மெதுவாய் விடுக. எண்ணெய் இலேசானதாகையால் மேலேயே நிற்கும்.

2. அரை சென்டிமீட்டர் கனமுள்ள தக்கை வில்லையின்மேல் சிறு தகரத் துண்டைப் பொருத்தி, நடுவில் துளையிடுக. தகரம் தக்கையைத் தீயினின்று காக்கும்.

3. பருத்தித் துணித் திரியை எண்ணெயில் நன்றாய் ஊறவைத்துத் துளையில் செருகுக. மேலே 3 மில்லிமீட்டரும், கீழே அரை சென்டிமீட்டரும் நீட்டியிருக்க வேண்டும். தாவர எண்ணெய் தடிப்பானது. நீண்ட திரியில் சுலபமாய் ஏறாது. மிதவை எண்ணெயோடு கூடவே இறங்குவதால், சுடருக்கும் எண்ணெய்க்கும் உள்ள தூரம் மாறுவதில்லை.

மெழுகுவர்த்தி அளவான சுடர் மணிக்குச் சுமார் 7 கிராம் எண்ணெயைக் கொள்ளும். மேற்கூறிய அளவு ஏறக்குறைய 7 மணி நேரத்திற்குப் போதும். எண்ணெய் குறைந்ததும் திரியின் அடி ஜலத்தைத் தொடவே, விளக்கு தானாகவே அணைந்துவிடும். வீட்டார் உறங்கிவிட்டாலும் காப்பாக அமைவது இக்குணமே. விளக்கின் பின்னே துலக்கிய தகரத் தட்டையோ கண்ணாடியையோ நிறுத்தினால், வேண்டிய பக்கத்தில் வெளிச்சம் மிகும்.

மாட்டுக்கொட்டகைக்கு

கொட்டகையிலும் வைக்கோற் போரருகிலும் எவ்வித சுடரும் ஆகாது. அங்கே டிராக்டர் பாட்டரியைக் கொண்டு 12 வோல்ட், 5 வாட் எல்.ஈ.டி. விளக்கை எரிப்பதே முறை. 75 ஆம்பியர்-மணி அளவுள்ள நல்ல பாட்டரியில் ஐந்திலொரு பங்கை மட்டும் செலவிட்டாலும், இவ்விளக்கு 36 மணி நேரம், அதாவது இரவுக்கு 6 மணி வீதம் 6 இரவுகள் எரியும். மீதி, வண்டியைக் கிளப்புவதற்கு வேண்டும். நேர்முனைக்கு அருகில் 2 ஆம்பியர் பியூஸ் வைத்தல் அவசியம். பாட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிப்படக்கூடுமாதலால், எண்ணெய் விளக்கை அதனருகே கொண்டுசெல்லலாகாது. கைவிளக்கை மேல்நோக்கி நிறுத்தி, அதன்மேல் ஜலம் நிரம்பிய தெளிந்த புட்டியை வைத்தால், ஒளி நாற்புறமும் பரவும்.

எச்சரிக்கை

ஜெனரேட்டர் உடையவர் அதை வீட்டிற்குள் ஓட்டினால், அதன் நச்சுப்புகையால் உயிரிழக்க நேரிடும். மாற்றுவிசை பொருத்தாமல் வீட்டுக் கம்பிகளில் இணைத்தால், மின்சாரம் வெளிக்கம்பியில் பாய்ந்து, அதைப் பழுதுபார்க்கும் தொழிலாளியைக் கொல்லும். அறுந்து கிடக்கும் கம்பியை, விளக்கணைந்திருப்பது கண்டு உயிரற்றதென எண்ணலாகாது.

பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் முதலிய பகுதிகளின் கிராம அதிகாரிகள் ஐப்பசி பிறக்குமுன்னரே, புயலுக்கு ஒதுங்கும் பள்ளிக்கூடங்களில் இத்தகைய விளக்குகளையும் திரிகளையும் சித்தமாய் வைத்து, ஒரு மாலை ஏற்றிப் பரீட்சித்துக்கொள்ளல் நலம். குடியானவர்களும் அவ்வாறே செய்வாராயின், புயலன்று இருளில் திரியும் தீப்பெட்டியும் தேட வேண்டியிராது.