கல்லோயாவில் அமைப்பாளர்கள் செய்ததும் செய்யாததும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் மத்தியில் ஒரு சங்கத்தை ஆரம்பிப்பது பெரிய காரியமல்ல. தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவரைத் தெரிவு செய்து, இறப்பர் முத்திரை ஒன்றும் அடித்து, வங்கியில் கணக்கும் திறந்துவிட்டால் சங்கம் தயார். ஆனால் உதவி நிறுவனத்தின் வாகனம் வருவது நின்ற அடுத்த போகத்திலேயே பல சங்கங்கள் படுத்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். இதில் எனக்கும் பங்குண்டு. ஒரு கிராமத்துச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை இரண்டு வருடம் நானே எழுதினேன். அரசாங்க அதிபருக்குப் போன கடிதங்களும் என் கையெழுத்திலேயே போயின. நான் மாற்றலாகிப் போனபின் அந்தப் புத்தகத்தைத் திறக்க ஒருவரும் இருக்கவில்லை.

நகரங்களில் உள்ள பெரிய கம்பனிகள் தங்கள் முகாமையாளர்களுக்கு வெளியிலிருந்து ஒரு துணையாளரை அமர்த்துவதுண்டு. அவர் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வருவார். முடிவை அவர் எடுப்பதில்லை. கேள்வி கேட்பார், வரும் சில வருடங்களுக்குத் திட்டம் வகுக்க உதவுவார், தவணை முடிந்ததும் விலகிவிடுவார். அதற்கு அவர்கள் கொடுக்கும் கட்டணத்தைக் கேட்டால் எமக்குத் தலை சுற்றும். ஆயினும், ஏறக்குறைய இதே வேலை நமது அம்பாறை மாவட்டத்திலேயே கமக்காரர்களோடு 1981ஆம் ஆண்டில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இங்கினியாகலையில் கல்லோயாவை, அதாவது நமது பட்டிப்பளை ஆற்றை, மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்தின் இடதுகரை வாய்க்கால்கள் 1970களின் இறுதியில் மிகவும் பழுதடைந்திருந்தன. மதகுகள் உடைந்திருந்தன. மேலே இருப்பவர் தேவைக்கு மிஞ்சி எடுக்க, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர்கள். கடைமடையில் தமிழ் பேசும் மக்கள். அமெரிக்க உதவியுடன் வாய்க்கால்களைத் திருத்தும் வேலை தொடங்கியபோது, கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர், யுவதிகளை அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பின. கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் இந்த அனுபவத்தைப் பின்னர் 1992இல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

அந்த இளைஞர்கள் வந்தவுடன் சங்கம் அமைக்கவில்லை. கிராமத்தில் தங்கி வீடுவீடாகப் போய் என்ன கஷ்டம் என்று கேட்டார்கள். பிறகு ஒரே வயல்வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரை ஒன்றாக இருத்திப் பேசவைத்தார்கள். முதலில் வேலை நடந்தது: வாய்க்காலைத் துப்புரவாக்குவது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது. அந்த வருடம் குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அப்படியிருந்தும் சில வாரங்களுக்குள் பல வாய்க்கால்களில் மிஞ்சிய தண்ணீரைக் கீழே அனுப்பத் தொடங்கினார்கள். வேலை நடந்த பின்னரே ஒவ்வொரு குழுவும் தன் பிரதிநிதியைத் தெரிவு செய்தது. வாக்கெடுப்பில்லை, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒருவர், சம்பளமில்லாமல். இந்தப் பிரதிநிதிகள் கூடிப் பெரிய வாய்க்கால்களுக்கான அமைப்புகளை உண்டாக்கினார்கள். அதற்கு மேல் அதிகாரிகளோடு சமமாக உட்கார்ந்து பேசும் குழுவும் அமைந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் இருக்கவில்லை. ஆசிரியர் நியமனமோ வேறு அரசாங்க வேலையோ கிடைத்ததும் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். திட்டம் இதனால் தடுமாறியது. புதிதாக வந்தவர் முதலிலிருந்து பழகவேண்டியிருந்தது. ஆனாலும் அமைப்புகள் விழவில்லை. புத்தகம், மதகு, கூட்டம் மூன்றுமே கமக்காரர் கையில்தான் இருந்தன. 1997இல் சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதாது என்று சொல்லப்பட்டபோது, அவர்கள் இருந்த தண்ணீரைப் பங்கிட்டு 65,000 ஏக்கரில் வழமையிலும் நல்ல விளைச்சல் எடுத்தார்கள். மேல்மடைச் சிங்களவர் கடைமடைத் தமிழ் பேசும் கமக்காரருக்குத் தண்ணீர் விட்டார்கள். இனக்கலவரமும் யுத்தமும் கண்ட மாவட்டம் இது!

ஆனால் அங்கே தண்ணீர் உடனடிப் பலனைக் காட்டியது. 1990இலும் 2004 ஆழிப்பேரலையிலும் இடம்பெயர்ந்த நமக்கு வயலே எட்டாத தூரத்தில் இருந்தது. சிலருக்கு இன்றும் அப்படித்தான். ஆகவே அந்த முறையை அப்படியே பெயர்த்து நடமுடியாது. எனினும் ஒன்றைச் செய்யலாம். இப்போது குடியிருக்கும் வரிசைப்படி குழு அமைக்கிறோம். அதை விட்டு, திரும்பிப் போகவிருக்கும் வட்டையின்படி, ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடித்த வயல்காரர்களைச் சேர்த்துக் குழு அமைப்பது நல்லது. ஒருவர் கல்முனையிலும் ஒருவர் சம்மாந்துறையிலும் இருந்தாலும் பரவாயில்லை. வயல் பெண்ணின் பேரில் இருக்க, கூட்டத்துக்கு ஆண் மட்டும் வந்து போகும் வழக்கத்தையும் மாற்றவேண்டும். கணவனை இழந்து குடும்பம் நடத்துபவர்கள் நம்மிடையே குறைவா?

துணையாளராக வர, ஓய்வுபெற்ற ஆசிரியரோ கமநல சேவை நிலையத்தில் வேலை பார்த்தவரோ நமது ஊரிலேயே கிடைப்பார். வாரத்தில் ஒரு மாலை போதும். அவர் காசோலையில் கையெழுத்து வைக்கக்கூடாது, கடிதம் எழுதக்கூடாது, கூட்டத்தில் முதலில் பேசவும் கூடாது. எழுதத் தெரிந்த பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கிறது. அவர் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுக்கட்டும். இரண்டு போகத்துக்குப் பின் அவர் விலகும் திகதியை முதல் கூட்டத்திலேயே புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

அவர் கேட்கவேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. காணிப் பத்திரம் யாரிடம் இருக்கிறது, யாருடையது தொலைந்தது? வாய்க்கால் எந்த இடத்தில் தூர்ந்து கிடக்கிறது? விதைநெல்லை எங்கே பெறுவது? இவற்றில் வரும் மாரிக்குள் நாமாகவே முடிக்கக்கூடியது எது, கமநல சேவை நிலையத்தில் போய்க் கேட்கவேண்டியது எது? 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமக்காரர் அமைப்பாகப் பதிவு செய்துகொண்டால், அங்கே போய்க் கேட்கும்போது தனிமனிதராக நிற்கவேண்டியதில்லை. பதிவுக்கான விபரங்களை அதே நிலையத்தில் கேட்டறியலாம். போகும்போது இரண்டு பேராகப் போங்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.