அடுப்படி வரலாறு: அம்மி கொத்த வந்தவர்

வீட்டுச் சாப்பாட்டின் ருசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு எப்படியும் அம்மாவின் கைப்பக்குவத்தில் வந்து நிற்கும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்தப் பேச்சுக்குக் குறைவே இல்லை. அம்மியில் அரைத்த துவையல், ஆட்டுரலில் ஆட்டிய மாவில் சுட்ட தோசை, கூட்டுக் குடும்பத்து விசேஷத்தில் பெரிய பித்தளை அண்டாவில் கொதித்த சாம்பார் என்று நினைவுகள் அடுக்கடுக்காக வரும். எல்லாவற்றிலும் பாராட்டுப் பெறுபவர் சமைத்தவர் ஒருவரே. அந்த அம்மியைக் கொத்திக் கொடுத்தவரும், அந்த அண்டாவுக்கு ஈயம் பூசியவரும் நினைவில் இருப்பதில்லை. அவர்கள் தெருவழியாக வந்தார்கள், வேலையை முடித்தார்கள், அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். நாம் கொண்டாடும் குடும்ப ருசியில் இந்த ஊர்சுற்றிக் கைவினைஞர்களுக்கு உரிய பங்கு உண்டு, அந்தப் பங்கை நம் நினைவும் நம் சட்டங்களும் சேர்ந்தே விட்டுவிட்டன என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

முதலில் அம்மி. அரைக்க அரைக்கக் கல் வழவழப்பாகும். வழவழத்த கல்லில் மிளகாய் வற்றல் நசுங்குமே தவிர அரையாது, குழவி வழுக்கும், தண்ணீரைக் கூட்டினால் துவையல் நீர்த்துப் போகும். அப்போதுதான் ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுரல் கொத்தலையோ’ என்ற குரலுக்கு வேலை வரும். உளியின் கூர் முனையைக் கல்லில் சாய்த்துப் பிடித்து, சுத்தியலால் ஒரே அளவு விசையில் தட்டிக்கொண்டே போக வேண்டும். குழி ஆழமானால் அரைத்த மசாலா அதில் தங்கிவிடும். மேலோட்டமாகக் கொத்தினால் சீக்கிரமே மறுபடி தேயும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அளவை எந்தக் கருவியும் காட்டாது, மணிக்கட்டுக்குத்தான் தெரியும். கொத்தி முடித்ததும் தவிட்டையோ அரிசியையோ ஒன்றிரண்டு முறை அரைத்துக் கொட்டி, கல்பொடி போன பிறகே சமையலுக்கு எடுப்பார்கள். ஒரு தெருவின் அம்மிகளைச் சில நாளில் கொத்தி முடித்துவிடலாம். அதன்பின் பல மாதங்களுக்கு அந்தத் தெருவில் வேலை கிடையாது. அவர் ஊர் ஊராகப் போனதற்குக் கால் நிலைகொள்ளாத சுபாவம் என்று காரணம் சொல்வது அநியாயம். தொழிலின் கணக்கே அப்படி.

ஈயம் பூசுவது இதைவிட நுட்பமானது. பித்தளையில் செம்பு இருக்கிறது. புளியும் எலுமிச்சையும் பட்டால் களிம்பு ஏறும், சாப்பிட்டவருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். புளியில்லாத குழம்பு நம்மிடம் எத்தனை? ஆகவே தென்மாவட்டத்துப் பித்தளைப் பாத்திரம் முழுக்க ஈயம் பூசுபவரை நம்பியே இருந்தது. தரையில் சின்னக் குழி, அதில் கரி, பக்கத்தில் துருத்தி. நன்றாகத் தேய்த்துக் கழுவிய பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, உள்ளே நவச்சாரத்தைத் தூவுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பும். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். ஈயத் துண்டால் சூடான உட்புறத்தை ஓர் இழுப்பு இழுத்து, உருகி ஓடுவதற்குள் பஞ்சாலோ துணியாலோ சுழற்றித் துடைத்தால் பாத்திரத்தின் உள்வயிறு கண்ணாடி மாதிரி மின்னும். சூடு குறைந்தால் ஈயம் ஒட்டாது, கூடினால் கருகும். வெப்பமானி இல்லாமல், பாத்திரத்தின் நிறத்தையும் புகையையும் பார்த்தே செய்கிற வேலை. இதைக் கலை என்று சொல்லத் தயங்குகிறவர்கள், இரண்டு அண்டாக்களை ஒருவர் பூசி முடிப்பதை நின்று பார்க்க வேண்டும்.

இந்த வட்டாரத்தின் பழைய நினைவுகள் பாத்திரத்தை மறந்ததில்லை. அழகர்மலைப் பெருமாளுக்கு ஆண்டாள் நேர்ந்துகொண்டது நூறு பாத்திரம் வெண்ணெயும் நூறு பாத்திரம் அக்காரவடிசிலும். அந்த நேர்த்திக்கடனைப் பின்னாளில் ராமானுசர் நிறைவேற்றினார் என்றும், அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரை அண்ணனாக அழைத்தாள் என்றும் வைணவ மரபு சொல்கிறது. நேர்ச்சையின் அளவே பாத்திரக் கணக்கில்தான் இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கத்து அர்ச்சுனாபுரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நல்லதங்காள் கதை இதன் மறுபக்கம். பஞ்சத்தில் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளுக்கு அண்ணி மூளி அலங்காரி மக்கிய கேழ்வரகைக் கொடுக்கிறாள். அத்தோடு விடவில்லை. ஓட்டைச் சட்டியையும் எரியாத விறகையும் சேர்த்துக் கொடுக்கிறாள். தானியத்தைக் கெடுத்தது பாதிக் கொடுமை, பாத்திரத்தைக் கெடுத்தது மீதிக் கொடுமை என்பது கதை கட்டிய மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கதையைத் தென்மாவட்டக் கிராமங்களில் விளக்கு வெளிச்சத்தில் நடத்திக் காட்டியவர்களும், ஆட்டுத்தோலில் பாவை வெட்டி வண்ணம் தீட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன தோல்பாவைக் கலைஞர்களே.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நியாயமான பெருமை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கும் அந்தக் குறியீடு இருக்கிறது. ஆட்டுரலின் கல்லை மோட்டாரோடு இணைத்த அந்த இயந்திரம் 1955-இல் பிறந்தது. அதற்குள்ளும் அரைப்பது கல்தான், அந்தக் கல்லும் தேயும், அதையும் கொத்தத்தான் வேண்டும். பண்டத்துக்குக் குறியீடு, இயந்திரத்துக்குக் குறியீடு. கல்லைக் கொத்தும் உளிக்கு எதுவும் கிடையாது. காரணம் எளிது. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஒரு பொருளை ஓர் ஊரோடு கட்டிப் பாதுகாக்கிறது. ஓர் ஊரில் தங்காமல் நூறு ஊருக்கு உழைத்தவருக்கு அந்தச் சட்டத்தில் நுழைய வாசலே இல்லை. 2023-இல் கைவினைஞர்களுக்காக ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டது. கல் உடைப்பவரும் கூடை முடைபவரும் அதில் இருக்கிறார்கள், ஈயம் பூசுபவர் இல்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது பெண்கள் தரப்பிலிருந்து வருவது. அம்மியைப் புகழ்வது எளிது, அரைத்தவரின் தோள்வலியை யார் எண்ணிப் பார்த்தார்கள் என்று கேட்பார்கள். ராஜபாளையத்தில் நூற்பாலை 1936-லேயே வந்துவிட்டது. ஷிப்டுக்குப் போகிறவருக்கு விடியுமுன் தூக்குச்சட்டி தயாராக வேண்டும் என்றால் அம்மியடியில் யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது லட்சக்கணக்கான வீடுகளில் அந்த வலி குறைந்தது. இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். யாரும் அம்மிக்குத் திரும்ப வேண்டும் என்பது என் வாதமே இல்லை. ஆனால் அம்மித் துவையலின் ருசியைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிற நாம், அரைத்தவரின் வலியையும் கொத்தியவரின் திறனையும் ஒருசேர விட்டுவிட்டு ருசியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இரண்டுமே நாம் பட்ட கடன்.

அலைந்து திரிந்த வாழ்க்கை வறுமையும் சாதியும் சுமத்திய தண்டனைதானே, அதை ஏன் கலை வாழ்வாக அழகுபடுத்த வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பாதி உண்மை. கூடாரமும் மூன்று கல் அடுப்புமாக ஊருக்கு வெளியே தங்கி, பெரும்பாலும் தானியமாகவும் பழையதாகவும் கூலி வாங்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் சாப்பாட்டு நினைவில் எத்தனையோ வீடுகளின் கஞ்சி கலந்திருக்கும். 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டமும் அதன் தொடர்ச்சியும் நாடோடி வாழ்க்கையையே குற்றத்தின் அடையாளமாகப் பார்த்தன. குறவர், போயர் போன்ற சமூகங்களின் பல பிரிவினர் சென்னை மாகாணத்தில் அந்தப் பட்டியலில் அடைக்கப்பட்டார்கள். நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீங்க 1952 ஆனது. பாத்திரத்துக்கு ஈயம் பூசியவரைத் திருடர் என்று சந்தேகித்த கண் உலகெங்கும் உண்டு. அயர்லாந்தில் தகர வேலை செய்து திரிந்த நாடோடி மக்களைத் தனி இனக்குழுவாக அந்நாட்டு அரசு ஏற்றது 2017-இல்தான். இந்த வரலாற்றைப் பார்த்தால், அலைச்சலைத் தண்டனையாக மாற்றியதில் நம் பார்வைக்குப் பெரும் பங்கு இருப்பது தெரியும். அவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவது நல்லது. உளியைப் பிடிக்க இன்னும் விரும்புகிறவருக்கு மரியாதையோடு அதைச் செய்ய இடம் வேண்டும் என்பதில் இதற்கு முரணான எதுவும் இல்லை.

ஈயத்தில் காரீயம் கலந்தால் உடம்புக்குக் கேடு, அதனால் இந்தத் தொழில் ஒழிவதே மேல் என்பாரும் உண்டு. கேடு என்பது சரி. காரீயம் நஞ்சு, குழந்தைகளுக்கு மிகப் பெரிய நஞ்சு. வெள்ளீயத்தின் விலைக்கும் தெருவில் கிடைக்கும் கூலிக்கும் இடையில் உள்ள பள்ளம்தான் கலப்படத்துக்கு வழி திறக்கிறது. தூய வெள்ளீயம் நியாய விலையில் கிடைத்து, கூலியும் கட்டுப்படியானால் அந்த வழி அடைபடும். திருமண மண்டபங்களிலும் கோயில் மடப்பள்ளிகளிலும் பித்தளை இன்னும் புழங்குகிற நாட்டில், பூசும் கை இல்லாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெருங்கூட்டம் கூடும். வளையல் கடைக்கும் பொம்மைக் கடைக்கும் ஒதுக்குகிற இடத்தில் அம்மி கொத்துபவருக்கும் ஈயம் பூசுபவருக்கும் வாடகை இல்லாமல் ஆறடி ஒதுக்க மாவட்ட நிர்வாகமும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் நகராட்சிகளும் முன்வர வேண்டும். கைவினைத் திட்டங்களின் பட்டியலில் ஈயம் பூசுதலைச் சேர்க்க வேண்டும். பரணில் பாட்டி காலத்துப் பித்தளை அண்டா வைத்திருக்கும் வாசகர்கள் அதைப் பழைய சாமான் கடைக்குப் போடுமுன் ஒரு முறை ஈயம் பூசக் கொடுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள், அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)