கூரை ஓரப் பலகைக்கு எந்த மரம்? இரண்டு வேம்பையும் வெட்டத்தான் வேண்டுமா?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “ஓட்டு வீடுங்க. முன்னாடி நாலு மரத்தூண், ஓட்டு விளிம்புல சுத்தியும் பலகை. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பையன் வேலை பாக்குற பனியன் கம்பெனியில மெஷின் வந்த பெட்டிப் பலகையை வாங்கியாந்து அடிச்சோம். இப்ப கையில அழுத்துனா பொடியாக் கொட்டுது. ரெண்டு தூணோட அடியும் போச்சு. காட்டோரத்துல ஒரு வேம்பு, கட்டுத்தரைக்குப் பக்கத்துல ஒரு வேம்பு இருக்குதுங்க. ரெண்டையும் வெட்டுனாத்தான் பத்தும்கிறாரு ஆசாரி. கட்டுத்தரை மரத்துல கைவைக்கக் கூடாதுன்னு அம்மா சண்டை போடுறாங்க. என்ன பண்றது?”

திருப்பூர் மாவட்டத்தில் இந்தக் கேள்வி பல வீடுகளுக்குப் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து பின்னலாடை இயந்திரங்கள் வரும் மரப்பெட்டிகள் இங்கே பழைய மரக் கடைகளுக்கு வருகின்றன. வெள்ளையாக, இழைக்க இலகுவாக, விலையும் மலிவாக இருப்பதால் வீட்டு வேலைக்கு வாங்கிப் போகிறார்கள். பெரும்பாலும் இவை பைன் மரம். சில பலகைகளில் கோதுமைக் கதிர் போன்ற சின்னமும் ‘எச்டி’ என்ற எழுத்தும் சுட்டிருக்கும். அதைக் காட்டி, “மருந்து ஏத்தின மரம், கரையான் தொடாது” என்று விற்பவர்கள் உண்டு. அது தவறு. ஒரு நாட்டின் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகாமலிருக்க, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏற வைத்ததற்கான அடையாளம் அது. அன்றைக்கு உள்ளே இருந்த புழு செத்திருக்கும். நாளைக்கு வரும் கரையானை அது தடுக்காது. வீட்டுக்குள் பரண் அடிக்க இந்தப் பலகை போதும். வெயிலும் மழையும் படும் இடத்தில் ஐந்து வருஷம் நின்றதே பெரிது.

வெளிவேலைக்கு மரம் வாங்கும்போது பெயரைவிட வைரத்தைப் பார்க்க வேண்டும். மரத்தின் நடுவில் இருக்கும் நிறம் ஏறிய பகுதி வைரம். சுற்றிலும் வெளுத்திருப்பது வெளிறு. உளுப்பூச்சிக்கு வேண்டிய மாவுச்சத்து வெளிறில்தான் இருக்கிறது. தேக்கே ஆனாலும் வெளிறு உளுக்கும். ‘தேக்கு’ என்று பில் போட்டு, பாதி வெளிறு உள்ள சட்டத்தைத் தலையில் கட்டுவது மரக்கடைகளில் புதிதல்ல. வாங்குபவர் பலகையின் முகத்தை மட்டும் பார்க்காமல் அறுத்த முனையைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் பக்கத்து மரங்களில், முற்றிய வேம்பின் வைரம் கரையானை நன்றாகத் தாங்கும். இழை பின்னிக் கிடப்பதால் அவசரமாகக் காய வைத்தால் முறுக்கிக் கொள்ளும்; ஆணி அடித்தால் பிளக்கும். முதலில் துளை போட்டுத் திருகாணி ஏற்றுவதே சரி. கொரங்காட்டு வெள்வேல் கனமானது, உறுதியானது. வண்டிச் சாமானுக்கும் ஏர் சாமானுக்கும் பேர் போனது. ஆனால் அகலமான நேர் பலகை அதில் கிடைப்பது அரிது. வாகையின் வைரம் பரவாயில்லை, வெளிறு சீக்கிரம் உளுத்துவிடும். மலைவேம்பு ஒட்டுப்பலகைக்கு ஏற்ற மரம், கூரை ஓரத்துக்கு அல்ல. முற்றிய பனையின் கருத்த வெளிப்பகுதி கைமரத்துக்கு இன்றும் நிகரற்றது. ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஆகவே, பழைய வீடு பிரித்த இடத்தில் பனங்கை கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். நிற்கும் பனையைத் தொட வேண்டியதில்லை.

இனி ஆசாரியின் கணக்கு. வாசகர் எழுதிய அளவுப்படி விளிம்புப் பலகை 60 அடி நீளம், 8 அங்குல அகலம், 1 அங்குல கனம். இது சுமார் 3.3 கன அடி. ஐந்துக்கு ஐந்து அங்குலத்தில் 8 அடித் தூண் நான்கு, சுமார் 5.6 கன அடி. மொத்தம் 9 கன அடிக்குச் சற்றுக் குறைவு. காட்டோர வேம்பு நடுவில் ஐந்தரை அடி சுற்றளவு, நேராக 10 அடி அடிமரம் என்று எழுதியிருக்கிறார். சுற்றளவு 66 அங்குலத்தை நான்கால் வகுத்தால் 16.5. அதை அதே எண்ணால் பெருக்கி, நீளமான 120 அங்குலத்தால் பெருக்கி, 1728ஆல் வகுத்தால் சுமார் 18.9 கன அடி. மரக்கடையில் போடும் கணக்கும் இதுதான். வெளிறும் அறுவைக் கழிவும் பாதி போனாலும் 9 கன அடிக்குமேல் நிற்கும். உள்ளே பொந்து இல்லாவிட்டால் ஒரு மரமே பத்தும். அடிமரத்தைக் கோடரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தால், பொந்து உள்ள இடம் வேறு சத்தம் கொடுக்கும். நான்கு தூணையும் மாற்றத்தான் வேண்டுமா என்பதும் கேள்விதான். இரண்டு தூணுக்கு அடி மட்டுமே போயிருக்கிறது. கெட்ட பகுதியை அறுத்துவிட்டு, அந்த உயரத்துக்குக் கல் வைத்துத் தாங்க முடியுமானால் மரமும் மிச்சம், கூலியும் மிச்சம்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சித்திரை வெயிலில் மாட்டுக்கு அந்த நிழல் தருவதை எந்தத் தகரக் கொட்டகையும் தராது.

தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்பார்கள். பிறையைவிட மாதம் முக்கியம். தை முதல் பங்குனி வரையிலான வறண்ட நாட்களில் வெட்டி, மழைக்கு முன்பே அறுத்துவிட வேண்டும். வெட்டிய மரத்தை மாதக்கணக்கில் மண்ணில் போட்டு வைப்பதுதான் பெரிய தவறு. அறுத்த பலகைகளை நிழலில், தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில், இடையிடையே ஓர் அங்குலக் குச்சி வைத்து அடுக்க வேண்டும். முனைகள்தான் முதலில் வெடிக்கும். அங்கே பழைய பெயிண்டோ சாணமோ பூசினால் வெடிப்பு குறையும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் நம் பகுதியில் ஓர் அங்குலப் பலகை மூன்று நான்கு மாதத்தில் காய்ந்துவிடும். தூண் கனத்துக்கு அதைவிட வெகுநாள் ஆகும். காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பலகையை வாரம் ஒருமுறை தராசில் வைத்தால் போதும். தொடர்ந்து சில வாரம் எடை இறங்காமல் நின்றால் காய்ந்துவிட்டது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் பிடிக்காது.

வெளிறைத் தவிர்க்க முடியாத இடத்துக்கு வெங்காரம் கைகொடுக்கும். 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெங்காரமும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, அறுத்த ஈரப் பலகையை முக்கி எடுத்து, தார்ப்பாயால் மூடி இரண்டு மூன்று வாரம் வைத்தால் மருந்து உள்ளே இறங்கும். பிறகு காய வைக்கலாம். ஆனால் இது மழையில் கரைந்து வெளியேறும் உப்பு. மேலே பெயிண்ட் இல்லாமல் வெளியில் நிற்காது. கரைசல் வாளியைக் குழந்தைகளும் மாடுகளும் நெருங்காதபடி வைக்க வேண்டும்.

மழையில் கரையாத மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சொந்தி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளைச் சேர்த்து உருவாக்கிய மருந்து உலகம் முழுவதும் பரவியது. ஆனால் ஆர்சனிக் நஞ்சு என்பதால், அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான மரத்தில் அதைச் சேர்ப்பது 2003ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. அதை ஏற்றிய பச்சை நிறக் கம்பம் எங்காவது கிடைத்தால் அடுப்பில் வைக்கவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும்.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைப் பலகையில் பூசுவதும் வேண்டாத வேலை. கைபடும் இடம் அது. வெயிலில் அதன் வீரியமும் நிற்காது. என்ஜின் ஆயில் பூசிய மரத்தில் பிறகு பெயிண்ட் ஒட்டாது. முந்திரி ஓட்டு எண்ணெய் பழைய, நல்ல முறை. தோலில் பட்டால் சேங்கொட்டை போலப் புண்ணாக்கும் என்பதால் கையுறை கட்டாயம். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் திருப்பூரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெயைத் துடைக்க எல்லோர் வீட்டிலும் பனியன் வேஸ்ட் இருக்கும். அந்த எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும். நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

வார்னிஷ் அழகாக இருக்கும். மேற்குப் பக்க வெயிலில் சீக்கிரம் உரிந்துவிடும். வெளியில் பிரைமரும் இரண்டு கோட் எனாமலும்தான் நிற்கும். அதையும் பலகையை அடித்த பிறகு முன்பக்கம் மட்டும் பூசுவது அரை வேலை. அடிப்பதற்கு முன்பே பின்பக்கம், அடி விளிம்பு, அறுத்த முனை எல்லாவற்றுக்கும் பூச வேண்டும். தண்ணீரை உறிஞ்சுவதே அறுத்த முனைதான். ஓடு பலகையைத் தாண்டி இரண்டு அங்குலமாவது நீண்டிருந்தால் ஐப்பசி மழை பலகையில் வழியாது.

தூணைப் பொறுத்தவரை, பழைய திண்ணை வீடுகளைப் பார்த்தாலே போதும். எந்தத் தூணும் மண்ணைத் தொடாது, கல்லின் மேல் நிற்கும். கரையானுக்கு மண்ணிலிருந்து மரத்துக்கு மறைவான பாதை வேண்டும். கல்லின் மேல் மண்குழாய் கட்டினால் பெருக்கும்போதே கண்ணில் படும். உடைத்துவிட்டு அடியில் எங்கே புற்று என்று தேடலாம். புதிதாக டைல்ஸ் ஒட்டும்போது தூணின் அடியையும் சிமெண்டில் புதைத்துவிடுகிறார்கள். வாசகரின் இரண்டு தூண்களும் அப்படித்தான் போயிருக்கின்றன.

வைரத்தையும் வெளிறையும் கண்ணால் பார்க்க விரும்புவோர் கோவையில் 1902இல் திறக்கப்பட்ட கேஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போய் வரலாம். மர மாதிரிகளை அங்கே வைத்திருக்கிறார்கள். மரச் சாகுபடி சந்தேகங்களுக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி இருக்கிறது. வெட்டுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமும், தேக்கு போன்ற மரமானால் வனச்சரக அலுவலகத்திலும் கேட்டுக்கொண்டால் லாரியை வழியில் நிறுத்தும்போது பதில் இருக்கும்.

காட்டோர வேம்பு ஒன்று மட்டும், தை பிறந்த பிறகு. அடியில் பொந்து இருந்தால் அதையும் வெட்டாமல் விட்டு, பழைய வீடு பிரித்த தேக்குச் சட்டம் தாராபுரம் பக்கம் விசாரிக்கலாம்.