நம்ம பாட்டுக்கு ஒரு சாயங்காலம்!



நம் கல்லூரி ஆண்டு விழாவில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் வரவேற்புரை. பிறகு ஆண்டறிக்கை. அப்புறம் இருட்டியதும் சினிமா பாட்டு. பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் பாட்டு மனப்பாடம். கைதட்டல், விசில்... முடிந்தது கதை!

சினிமா பாட்டை நான் குறை சொல்ல வரவில்லை. நானும் பாடியவன்தான். ஆனால் முதலாம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் என்னை யோசிக்க வைத்தது. ஹாஸ்டலில் என் பக்கத்து அறை நண்பன், மெக்கானிக்கல் பிரிவு. அவன் அப்பாவுக்கு விசைத்தறியில் நைட் ஷிஃப்ட். தறி ஓடும் சத்தத்தையே தாளமாக வைத்து ஒரு பாட்டு கட்டியிருந்தான். ராத்திரி மேஜையைத் தட்டிக்கொண்டே பாடுவான். ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது சீனியர் ஒருவர் கேட்டார்: "இது எந்தப் படம் தம்பி?" "படம் இல்லண்ணே, நானே எழுதினது." "அட, அதெல்லாம் எவன் கேப்பான்? தெரிஞ்ச பாட்டா ஒண்ணு பாடுடா!"

அவன் பாடவில்லை. அந்த வருடம் முழுக்க மேஜையில் தாளமும் கேட்கவில்லை.

அதிலிருந்து பிறந்ததுதான் நாங்கள் போன வருடம் தொடங்கிய "சொந்தப் பாட்டு சாயங்காலம்". அதை எப்படித் தொடங்கினோம், எங்கே சறுக்கினோம், நீங்கள் எப்படிச் செய்யலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

இது புதுசா?

இல்லவே இல்லை! நம் ஊரில் கும்மி, தெம்மாங்கு, வில்லுப்பாட்டு, கானா எல்லாமே பாடுகிறவன் சொந்தமாகச் சொல் போட்டுப் பாடியவைதான். பாவலர் வரதராஜன் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் போய்த் தாமே எழுதிய பாட்டுகளைப் பாடினார். அந்தக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்த தம்பிதான் பின்னாளில் நாம் அறிந்த இளையராஜா. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு முதல் முறையாக மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த சொந்தப் பாட்டுகளைத்தான் பாடியது. பெருங்கூட்டம் நின்று கேட்டது. ஆக, "எவன் கேப்பான்?" என்ற கேள்விக்குப் பதில் எப்போதோ வந்துவிட்டது.

ஒரு சின்ன ஓட்டல் கற்றுத்தந்த பாடம்

இந்த மாதிரி நிகழ்ச்சியை ஒழுங்காக நடத்திக் காட்டிய இடம் என்று உலகம் சொல்வது அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரிலுள்ள "புளூபேர்ட் கஃபே". 1982-ல் ஆமி கர்லண்ட் என்ற பெண்மணி தொடங்கியது. பெரிய அரங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கடை வரிசையில் ஒரு கடை. சுமார் 90 பேர் உட்காரலாம். நம் டிராயிங் ஹால் அளவுதான்!

அங்கே முக்கியமானவர் பாடகர் அல்ல, பாட்டை எழுதியவர். ரேடியோவில் பிரபலமான பாட்டை எழுதியவரே வந்து, ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு, அது பிறந்த கதையைச் சொல்லிப் பாடுவார். 1985-ல் டான் ஷ்லிட்ஸ் முதலான நான்கு பாடலாசிரியர்கள் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார்கள். மேடையை விட்டுவிட்டு, அறையின் நடுவில் நான்கு நாற்காலி போட்டு ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்தார்கள். சுற்றிலும் கேட்பவர்கள். முறை வைத்து ஆளுக்கொரு பாட்டு. ஒருவர் பாடும்போது தோன்றினால் மற்றவர் கூடச் சேர்ந்து வாசிப்பார். இந்த டான் ஷ்லிட்ஸ் ஒரு காலத்தில் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் அறையில் ராத்திரி ஷிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவர் என்பது நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி!

அங்கே கண்டிப்பான சட்டம் ஒன்று உண்டு. பாட்டு நடக்கும்போது பேசக்கூடாது. பேசினால் "உஷ்!" புகழ் பெறுமுன் கார்த் புரூக்ஸ் அங்கே பாடியதைக் கேட்டுத்தான் 1988-ல் ஒரு பெரிய ரிக்கார்டு கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. 2004-ல் பள்ளி மாணவியாக அங்கே பாடியவர் டெய்லர் ஸ்விஃப்ட். 2008-ல் கர்லண்ட் அம்மையார் அந்த இடத்தைப் பாடலாசிரியர்கள் சங்கத்திடமே ஒப்படைத்தார். தொடங்கியவர் விலகிய பிறகும் நிகழ்ச்சி தொடர்ந்தது. இதை மனதில் வையுங்கள், கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் முதல் சாயங்காலம்: ஒரு சோகக் கதை

துறைத்தலைவர் அனுமதி கொடுத்தார். செமினார் ஹால் கிடைத்தது. போஸ்டர் ஒட்டினோம். வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் பாடுகிறவர்கள் மூன்று பேர். டீக்காக வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்!

மைக்கை ஆன் செய்ததும் "கூ..." என்று ஊளை. குறைத்தால் பாட்டு கேட்கவில்லை. கூட்டினால் மறுபடி ஊளை. கிட்டாரைச் செருகினால் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல். முதலாமாண்டுப் பையன் ஒருவன் இரண்டாவது சரணத்தை மறந்து நின்றான். பின்னால் யாரோ விசிலடிக்க, கண் கலங்கி இறங்கிப் போனான். என் தறிப்பாட்டு நண்பன் அன்று வாயே திறக்கவில்லை.

மறுநாள் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சொன்னார்: "எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறீங்க, ஆசிலேட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு பரீட்சையில எழுதுறீங்க. ஹால்ல ஒரு ஆசிலேட்டரையே கட்டிவெச்சிட்டு முழிக்கிறீங்களே!"

ஊளையும் உறுமலும்

உண்மைதான் நண்பர்களே. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்குகிறது. மறுபடி ஸ்பீக்கர், மறுபடி மைக். இந்தச் சுற்றின் மொத்தப் பெருக்கம் ஏதாவது ஓர் அலைவெண்ணில் ஒன்றை எட்டினால் போதும், ஊளை கிளம்பிவிடும். அதற்கு மருந்து:

1. ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்து இருக்கட்டும். பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம்.

2. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவாருங்கள். 20 செ.மீ. தூரத்தை 10 செ.மீ. ஆக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அந்த அளவுக்கு ஆம்ப்ளிஃபையரைக் குறைக்கலாம்.

3. மேடையில் பயன்படும் கார்டியாய்ட் மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அதனால்தான் அது நமக்கு உதவுகிறது. சினிமாவில் பார்த்த ஸ்டைலில் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தக் குணம் போய்விடும். உடனே ஊளை!

உறுமல் வேறு விஷயம். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். மிக்ஸரும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு பிளக் பாயிண்ட்டில் இருந்தால் எர்த் வழியாக ஒரு வளையம் உண்டாகி உறுமும். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். கிட்டாரை நீளமான சாதா ஒயரில் மிக்ஸர் வரை இழுக்காமல், பக்கத்திலேயே ஒரு டி.ஐ. பாக்ஸில் செருகினால் சத்தம் சுத்தமாக வரும். ஆனால் ஒன்று: உறுமலைப் போக்குகிறேன் என்று எர்த் பின்னைக் கழற்றும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். பாடுகிறவன் உதடு உலோக மைக்கைத் தொடுகிறது. ஃபால்ட் வந்தால் உயிர் போய்விடும். இதை எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க அனுமதி வேண்டும். ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் கூடாது. கல்வி நிறுவனம், மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக்கவும் அவ்விதிகள் வழி செய்கின்றன. அதனால் மைதானம் வேண்டாம். மூடிய ஹால், சின்ன ஸ்பீக்கர், மாலை 5.30 முதல் 7.30 வரை. ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும் போய்விடலாம்!

இரண்டாவது பயம்: "என் பாட்டை எவனாவது சுட்டுட்டா?" 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதிய கணமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது நல்ல சாட்சி, ஆனால் கட்டாயமில்லை. வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். ஆனால் மனதிலுள்ள கருத்துக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. ஆகவே தேதி போட்டு எழுதி வையுங்கள், போனில் பாடிப் பதிவு செய்து வையுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவுக்குப் பாட்டு எழுதினாலும் ராயல்டியில் எழுதியவருக்குள்ள சம பங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது.

எங்கள் விதிமுறைகள்

இரண்டாவது சாயங்காலத்துக்குமுன் ஆறு விதிகளை எழுதிக் கதவில் ஒட்டினோம்.

1. சொல்லும் மெட்டும் சொந்தமாக இருக்கவேண்டும். ஒருவர் எழுதி இன்னொருவர் மெட்டுப் போடலாம். சினிமா மெட்டில் வார்த்தை மாற்றுவது தனிக் கலை, அதற்கு வேறு நாள்.

2. ஒரு சுற்றுக்கு நான்கு பேர், வட்டமாக நாற்காலி. ஆளுக்கு இரண்டு பாட்டு. தனியாக மேடையில் நிற்கும் பயம் இதில் பாதி குறைந்துவிடுகிறது.

3. பாடுமுன் பாட்டு பிறந்த கதை, ஒரே நிமிடம்.

4. தாளைப் பார்த்துப் பாடலாம். மறப்பது குற்றமில்லை.

5. பாட்டு நடக்கும்போது பேச்சும் விசிலும் கிடையாது. பாடுகிறவர் சம்மதிக்காமல் வீடியோ கிடையாது.

6. நடுவர் இல்லை, பரிசு இல்லை.

ஆறாவது விதிக்குத்தான் பலத்த எதிர்ப்பு. "பரிசு இல்லாம எவன்டா வருவான்?" ஆனால் பரிசு என்றால் மூன்று பேர் ஜெயிப்பார்கள், மற்றவர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள். நமக்கு வேண்டியது அடுத்த முறையும் வருகிறவர்கள்.

அன்று நடந்தது

இரண்டாவது சாயங்காலத்தில் எட்டுப் பேர் பாடினார்கள். சரணம் மறந்த முதலாமாண்டுப் பையன் தாளோடு வந்து முழுப் பாட்டையும் பாடினான். கடைசிச் சுற்றில் என் நண்பன். மைக் ஸ்டாண்டை மேஜைப் பக்கம் இழுத்துவைத்து, விரலால் தறியை ஓட்டினான். ஹாலில் ஒரு சத்தம் இல்லை.

கடைசி பெஞ்சில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். ஷிஃப்டுக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார், அவனுக்கே தெரியாது. பாட்டு முடிந்ததும் கிட்டே வந்து, "நல்லாருக்குய்யா. ஆனா தறி இவ்வளவு வேகமா ஓடாது" என்றார். மூன்றாவது சாயங்காலத்தில் அவன் அதே பாட்டை நிதானமாகப் பாடினான். அவர் சொன்னதுதான் சரி! எந்த நடுவரும் அந்தத் திருத்தத்தைக் கொடுத்திருக்க முடியாது.

இனி உங்கள் கையில்

வரும் ஏப்ரலோடு எங்கள் பேட்ச் போய்விடும். தொடங்கியவர்கள் போனதும் நின்றுபோன நல்ல காரியங்கள் நம் கல்லூரியில் எத்தனையோ. அதனால்தான் புளூபேர்ட் கதையின் முடிவை மனதில் வைக்கச் சொன்னேன். விதிகள் எழுதிய தாள், ஒயர் இணைப்புப் படம், பாடியவர்கள் பெயர் எழுதிய நோட்டு மூன்றும் பேரவை அறை அலமாரியில் இருக்கின்றன. ஜூனியர்களில் நான்கு பேர் கிடைத்தால் போதும்: ஒருவர் ஹாலுக்கு, ஒருவர் மைக்குக்கு, ஒருவர் பெயர்ப் பட்டியலுக்கு, ஒருவர் டீக்கு!

உங்கள் பக்கத்து அறையிலும் யாரோ மேஜையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். "எந்தப் படம்?" என்று கேட்காதீர்கள். "எப்படா எழுதினே?" என்று கேளுங்கள்.



— இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை